ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். ஏற்கெனவே அமுக்கின பொத்தானையே திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். முதலாளி, தரை துடைக்கிறவர் என்ற வித்தியாசமெல்லாம் அங்கே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன் ஐயா, முதல் நிமிஷத்திலேயே கத்தின ஒருவரையும் நான் பார்த்ததில்லை. என் மச்சானும் பொத்தானைத்தான் அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் மேலே மெஷின் ரூமில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்து அணையும். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம், தாகமில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கம்பெனி கம்பெனியாகப் போய், வேலை செய்கிறவர்களுக்கு உற்சாகமாகப் பேசுவது அவர் தொழில். கண்ணை மூடச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்கச் சொல்வார், "நான் நல்லா இருக்கேன்" என்று மூன்று தடவை சொல்லச் சொல்வார். பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிய கம்பெனிகள், மிச்சப் பாதிப் பேருக்காக அடுத்த வாரம் அவரைக் கூப்பிடும். சொந்தக்காரர்கள் அவருக்குச் சிரிப்பு மாஸ்டர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரே அவர்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். சுண்டு என்று கூப்பிடுவோம். பத்து வயதில் அவள் காலில் நீலம் நீலமாகத் திட்டுகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தோம். ரத்தத்தில் நோய் என்றார்கள். சரியாகவும் செய்யலாம், ஆகாமலும் போகலாம், சிகிச்சையை ஆரம்பித்துப் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்று சாயங்காலமே மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "மாப்ள, மனசு தளர்ந்துடக் கூடாது. குழந்தை முன்னாடி அழாதீங்க. நல்லதையே பேசுங்க, நல்லதையே நினைங்க. பாதி வியாதி அதுலயே போயிடும்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்காகத்தான் அவர் செத்தார்.

எனக்குச் சொன்னதை அப்படியே செய்கிறவன் நான். என் தொழில் அப்படி. கயிறு எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்ப்பேன். அதனால் மச்சான் சொன்னதையும் ஒழுங்காகச் செய்தேன். அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: உள்ளே வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வரவும். என் சொந்த அக்கா சுண்டுவைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை உள்ளே விடவில்லை. மகளுக்கு முடி கொட்ட ஆரம்பித்ததும் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். நாலு திருகுதான், ஐந்து நிமிஷ வேலை. பள்ளித் தோழி ஒருத்தி கடிதம் கொடுத்தனுப்பினாள். "நீ இல்லாம எனக்கு அழுகையா வருது" என்று எழுதியிருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன்.

மனைவிக்குத்தான் கஷ்டம். அவளுக்குக் கண் சீக்கிரம் கலங்கிவிடும். அழணும்னா குளியலறைக்குப் போ, குழாயைத் திறந்துவிட்டு அழு, சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வீணாகியிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஏழு மாதம் இப்படி. மூன்றாவது தடவை மருந்து ஏற்றியும் பலனில்லை என்றானதும் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். "இனிமே வலி இல்லாம பார்த்துக்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. குழந்தை ஏதாவது கேட்டா மறைக்காதீங்க, அவளுக்கே தெரியும்" என்றார். மனைவி சரி என்று தலையாட்டினாள். நான் எழுந்து வெளியே வந்து, மறுநாளே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸில். வழியெல்லாம் சுண்டு வாந்தி எடுத்தாள். நான் அவளுக்கு விடுகதை போட்டுக்கொண்டே வந்தேன்.

புது ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள். குரல் மிகவும் மெலிந்திருந்தது, குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அப்பா, நான் சரியா நினைக்கலையாப்பா? அதனாலதான் எனக்குச் சரியாகலையா?"

ஐயா, நீங்கள் பெரிய பெரிய குற்றவாளிகளை விசாரித்திருப்பீர்கள். பத்து வயதுக் குழந்தை வாயில் இந்தக் கேள்வியை வைத்தவனுக்கு என்ன தண்டனை என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறதா? இருக்காது. தன் உடம்பில் வந்த நோய்க்குத் தன் மனசுதான் காரணம் என்று நம்பிக்கொண்டு அவள் படுத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் என் பல் கிட்டிப்போகிறது. நான் அமைதியாகப் பேசுகிறேன் என்பதற்காக, கோபம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். மச்சான் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் கெட்டியா நினைம்மா" என்றேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நெற்றியில் பச்சை நரம்பு புடைத்தது. அப்படியே ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டாள்.

அவள் போன அன்று மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். குலுங்கிக் குலுங்கி, மூக்கு ஒழுக, நாலு பேர் பார்க்க அழுதார். ஏழு மாதம் எங்களை அழவிடாதவர், என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறார். அவர் மட்டும் அழலாமாம். என் மனைவி ஓடிப்போய் அவர் தோளில் சாய்ந்து, "அண்ணா, அண்ணா" என்று அவளும் அழுதாள். நான் அடுப்படியில் வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன். காரியமெல்லாம் முடிந்ததும் அவள் அண்ணனோடேயே போய்விட்டாள். உன்கூட ஒரே வீட்டில் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆள் அவளையும் என்னிடமிருந்து பிரித்துவிட்டார்.

நான் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் ஒன்பது மாடி ஆபீஸ் ஒன்று உண்டு. வாடகைக்கு இருந்த கம்பெனி காலி செய்துவிட்டது, அடுத்தவர்கள் வர ஒரு வாரம். நடுவில் உள்ளே போக சாவி என்னிடம் மட்டும்தான். மச்சானுக்கு போன் பண்ணி, மேலே ஒரு பெரிய ஹால் இருக்கிறது, புது கம்பெனிக்காரர்கள் உங்களைப் பேசக் கூப்பிடுகிறார்கள், முதலில் இடத்தைப் பார்த்துவிடுங்கள் என்றேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். "எப்படி இருக்கே மாப்ள, தூக்கம் வருதா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். மூன்று தடவை சொல்லவில்லை, ஒரு தடவைதான்.

நீங்க முன்னாடி போங்க மச்சான், நான் லைட்டைப் போட்டுட்டு வரேன் என்று அவரை மட்டும் ஏற்றி அனுப்பினேன். கீழேயிருந்தே ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, படியேறி மெஷின் ரூமுக்குப் போனேன். அந்தப் பெட்டிக்குள் செல்போன் எடுக்காது. மெஷின் ரூமுக்குப் பேச ஒரு இண்டர்காம் மட்டும் உண்டு.

"மாப்ள, லிஃப்ட் நின்னுடுச்சு" என்றார்.

"தெரியும் மச்சான். பதறாதீங்க. நல்லதையே நினைங்க."

சிரித்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார். மத்தியானம் வரைக்கும் இடையிடையே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் கொண்டுபோயிருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். சாயங்காலம் சரியான நேரத்துக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பேசப் போகிற இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவது அவருக்கு வழக்கம், வீட்டில் உடனே தேடமாட்டார்கள்.

அவர் சர்க்கரைக்காரர், தினம் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். விருந்துக்கு வரும்போதெல்லாம் ஊசி மருந்தை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைப்பார். செவ்வாய்க்கிழமை ஊசி கேட்டார், தண்ணீர் கேட்டார். "மனசு தளர்ந்துடக் கூடாது மச்சான், பாதி வியாதி அதுலயே போயிடும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் அவர் கதவை உதைக்கிற சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது. தெருவில் கேட்கவில்லை, வெளியே நின்று பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை போனபோது குரல் குழறியிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"மாப்ள, நான் ஒரு தடவைதான் அப்படிச் சொன்னேன். நீதான் அதைச் சட்டமாக்கிட்ட. எத்தனை தடவை உன்கிட்ட வந்து, போதும் விட்டுடுன்னு சொன்னேன். நீ என்னையும் கதவுக்கு வெளியில நிறுத்தின" என்றார்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னார். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், என் மனைவி அவரைப் புது ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாளாம். சுண்டு அவரிடம், "மாமா, நான் செத்துடுவேனா?" என்று கேட்டாளாம். ஆமாண்டா கண்ணு என்று அவர் சொன்னாராம். அவர் மடியில் தலை வைத்து ஒரு மணி நேரம் அழுதாளாம். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து அழுதார்களாம். அப்புறம் தன் கலர் பென்சிலையெல்லாம் அந்தத் தோழிக்குக் கொடுத்துவிடச் சொன்னாளாம்.

"நீ சரியா நினைக்காததால வரலடா கண்ணு, வியாதின்னா வரும்னு சொன்னேன் மாப்ள. அப்படியான்னு கேட்டா. அப்புறம் தூங்கிட்டா. அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா, அப்பாவுக்குக் கோவம் வரும்னு சொன்னா" என்றார்.

அவள் போன பிறகு கலர் பென்சில்களை வீட்டில் தேடியபோது கிடைக்கவில்லை என்பது உண்மைதான். வீட்டில் சாமான்களை ஒதுக்கி வைக்கும்போது எத்தனையோ தொலைந்துபோகும்.

இண்டர்காமை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு மத்தியானம் வரைக்கும் அவ்வப்போது எரிந்தது. வியாழக்கிழமை காலை பெட்டியை ஆறாம் மாடிக்கு ஏற்றி, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உங்களுக்கு நானே போன் செய்தேன். என் மச்சானைக் கொன்றது நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை, நான் குடித்திருக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அவர் சொன்னதை என் மனைவியிடம் விசாரிக்கப் போவதாகச் சொன்னீர்கள். விசாரியுங்கள். அவள் அண்ணனுக்காக ஆமாம் என்றுதான் சொல்வாள். ஆனால் அது உயிருக்குப் பயந்து சொன்ன பொய் ஐயா, பெற்றவனுக்குத் தெரியாதா. என் மகள் என் எதிரில் ஒரு தடவைகூட அழுததில்லை.