அழுக்கு என்று தள்ளிய கோடுகள்

அறிவால் உயர்ந்து நாற்காலியால் இன்னும் உயர்ந்திருக்கும் தலைவர் பேராசிரியர் அவர்களே! காந்தத்தோடு காலம் கழித்துக் கண்ணாடி தடித்த பெரியோர்களே! பிள்ளைகளை ஆய்வுக்கு அனுப்பிவிட்டுச் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நிற்கும் என் துப்புரவுத் தோழிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைப்பவள். இங்கே காந்தக் கருவியைக் குளிர்வித்துக் காத்தவர் என் வீட்டுக்காரர். அவர் போய்ப் பதினோரு மாதம்.

அவர் கட்டிக்கொண்டு அழுதது எதை? ஒரு கிணற்றை! தண்ணீர் உண்டா? இல்லை. கயிறு உண்டா? இல்லை. தலைமுடியை ஐந்நூறாகக் கீறினால் வரும் ஒரு கீற்றின் தடிமனில் குறைகடத்தி ஏடு. அதுதான் குவாண்டம் கிணறு. ஒளி பட்டதும் அதில் ஓர் எலக்ட்ரான் எழுந்துவிடும். அது விட்டுப்போன இடம் ஓட்டை. இரண்டும் பிரியாமல் ஜோடியாகத் திரியும். அந்த ஜோடிதான் எக்ஸைட்டான்.

"இல்லாத இடம் எப்படிங்க கூடவே நடக்கும்?" என்று கேட்டேன்.

"நடக்கும்டி. ஆள் இல்லாத இடம்தான், ஆனா ஆள் மாதிரியே நடக்கும்."

"நீங்க வீட்டுல இருக்கிற மாதிரியா?"

சிரியுங்கள், சிரியுங்கள். அவரும் சிரித்தார்.

நிற்கும் ஜோடியைக் காந்தம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஓடும் ஜோடியை? ஓட்டம் கூடக் கூடக் காந்தத்தின் பிடியும் கூடும்! திரையில் ஒரு கோடு இரண்டாகப் பிரியும். வேகமான ஜோடியின் கோடு, மேலே சின்னதாகத் தெரிந்தாலும், இன்னும் அகலமாகப் பிரியும். முதலில் பார்த்தவர் என் வீட்டுக்காரர். நம் தலைவர் என்ன சொன்னார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐயா.

"கீழே இருக்கிற பெரிய கோட்டை மட்டும் பாருங்க. மேலே இருக்கிற சின்னதெல்லாம் அழுக்கு."

அவர் போன மறுவாரம் அவருடைய நோட்டு என் குப்பைக்கூடையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு, தலைவர் இருந்த காந்த அறைக்குள் நுழைந்தேன். ஆத்திரத்தில், கையிலிருந்த இரும்பு வாளியை வெளியே வைக்க மறந்தேன். பறந்தது வாளி! ஒட்டியது காந்தத்தில்! நான்கு முனைவர்கள் இழுத்தும் அசையவில்லை. வாளியிலிருந்த அழுக்குத் தண்ணீரோ, முழுவதும் தலைவர் மேல்.

"என்னம்மா இது!"

"இதுதாங்க ஐயா அழுக்கு. நல்லாப் பாருங்க, கண்டபடி தெறிச்சிருக்கு. காந்தத்தைக் கூட்டக் கூட்ட அழுக்கு இப்படி வரிசையா விலகுமா? இந்த நோட்டுல விலகுது!"

சொட்டச் சொட்ட நின்றபடியே புரட்டினார் மனிதர். மறுபடி அளந்தார்கள். அத்தனையும் சரி! தட்டுங்கள் கையை!

போதும். இப்போது எனக்குப் பின்னால் தொங்கும் கட்டுரைத் தாளைப் பாருங்கள்; அந்தக் கோடுகளைப் பற்றியதுதான், அதற்காகத்தான் இந்த விழாவும். ஐந்து பெயர்கள். அவர் பெயர் எங்கே? மேலே? இல்லை. கீழே? இல்லை. ஓரத்தில், பொடி எழுத்தில்? அங்கும் இல்லை.

பதினோரு மாதம் நின்ற இடத்திலேயே நின்றேன். எந்தக் காந்தமும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. இன்று நகர்ந்திருக்கிறேன். அந்த இல்லாத மனிதரும் கூடவே படியேறி வந்திருக்கிறார். ஜோடியாகத்தான் கேட்கிறோம், ஐயா. அந்தப் பெயரை எழுதுங்கள்.

எழுந்துவிட்டீர்களா? பேனா இல்லையா? இந்தாருங்கள், அவருடையதுதான். என்ன கேட்கிறீர்கள், முதலிலா கடைசியிலா? முதலில் பார்த்தவர் முதலில்தானே! கொஞ்சம் பெரிதாக, ஐயா. கதவோரம் வரை தெரிய வேண்டும்.

எழுதியாயிற்று. கேட்ட காதுகளுக்கும், அன்று நனைந்த சட்டைக்கும் நன்றி. அந்த மை அழிந்துவிடுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். இந்தக் கூடத்தைத் துடைப்பவள் நான்தான். எது அழுக்கு என்று எனக்குத் தெரியும். வணக்கம்.