லாபம், ரெண்டு, மூணு

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் போகிற பகல் பஸ். முன்சீட்டில் மூக்கு கோணிய ஒரு குத்துச்சண்டைக்காரன், அக்காள் புருஷனோடு. போன மாதம் மெட்ராஸில் பேர் தெரியாத பையன் ஒருவனிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தானாம். நாளைக்கு மறுபடி மேடை ஏறுகிறானாம். ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை, அவன் குரல் அப்படி.

“மாமா, அன்னிக்கு ரெஃப்ரி பத்து வரைக்கும் எண்ணினது எனக்குக் கேக்கவே இல்ல. எங்கப்பா எண்ணினதுதான் கேட்டுச்சு.”

“செத்தவரு எங்கடா வந்து எண்ணினாரு?”

“களத்துல நெல்லு அளக்கற மாதிரியே மாமா. ஒண்ணுன்னு சொல்லாம லாபம்னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு போயி, எட்டோட நின்னுபோச்சு.”

மாமா வெற்றிலைப் பையை எடுத்தார்.

“எட்டாவது மரக்கா அளந்துக்கினு இருக்கும்போதுதானே அவரு சாஞ்சாரு.”

“ஆமா. நேத்து சோறு துன்னுக்கினு இருக்கறேன், காதாண்ட ஒம்பதுன்னாரு.”

“சண்டை வாணாம்னு சொல்லிடலாமா?”

“இப்ப போவலைன்னா, அப்புறம் எவன் மாமா என்னைக் கூப்பிடுவான்?”

மாமா வெற்றிலை போட்டுக்கொண்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் நின்றது. படியில் கால் வைத்தவன் சட்டென்று திரும்பினான்.

“பத்துன்னு சொன்னது நீதானே மாமா?”

வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு மாமா இல்லையென்று தலையாட்டினார்.

பின்சீட்டில் இருந்த எனக்கும் அந்தப் ‘பத்து’ கேட்டிருந்தது. நெல் அளக்கிறவர்கள் இழுத்துச் சொல்வார்களே, அந்தக் குரல்.