துப்பாக்கி இல்லாத வீடு

— எந்திரிக்காதே அக்கா. உடைஞ்ச விலா நுரையீரல்ல குத்திடும்னு டாக்டர் சொன்னது காதுல விழலியா?

— விழுந்துச்சு. என் கைத்துப்பாக்கியத் திருப்பித் தரேன்னு சொல்லு வெண்டல், படுத்துக்கறேன்.

— மறுபடியும் ஆரம்பிக்காதே.

— ராய்ஸ் இன்னும் பிடிபடலடா. ஷெரிஃப் ஆபீஸ் பேட்ஜைக் குத்திக்கிட்டு நிக்கறியே, என் பழைய புருஷன் ஒருத்தனப் பிடிக்க முடியல உன்னால. நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மறுபடி வந்தான்னா எதால அடிக்கறது? சோளரொட்டி சுடற சட்டியாலயா?

— எங்க வீட்டுக்கு வந்துடு. கெய்லா உனக்குன்னு ஒரு அறைய ஒழிச்சு வெச்சிருக்கா.

— என் மாடு கன்னுக்கு யாரு தீனி போடுவா? கெய்லாவா? உன் பொண்டாட்டிக்கு சாணி வாசனையே ஆகாது.

— சொல்றதக் கேளு. உன் பேர்ல கஞ்சா மருந்து அட்டை இருக்கு. ஓக்லஹோமா மாநிலம் குடுத்த அட்டைதான், ஒத்துக்கறேன். ஆனா மத்திய அரசோட ஃபெடரல் சட்டத்துக்கு நீ வெறும் கஞ்சாக்காரி. கஞ்சாக்காரி வீட்ல துப்பாக்கி இருந்தா பத்துப் பதினைஞ்சு வருஷம்கூட உள்ள தள்ளலாம்.

— படுக்கப் போறதுக்கு முன்ன நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டுக்கறவ கஞ்சாக்காரியா?

— அவங்க சொட்டுக் கணக்கெல்லாம் பாக்க மாட்டாங்க.

— அந்த ரெண்டு சொட்டு இல்லாட்டி எனக்கு வலிப்பு வரும். டிராக்டர் மேலேர்ந்து விழுந்து கெடந்தேனே, வாயில நுரையத் தொடச்சது நீதானே?

— அதனாலதான் மருந்த விடாதே, துப்பாக்கிய விடுன்னேன். ரெண்டுல ஒண்ணுதான் வெச்சுக்க முடியும். சட்டத்த நானா எழுதினேன்?

— நீ சொன்னேன்னுதானே விட்டேன்! துண்டுல சுத்தி உன் கையில குடுத்தேன். ஒரு ஈ எறும்புகிட்ட மூச்சு விடல. அவன் நேத்து எப்படி வந்தான்னு தெரியுமா உனக்கு?

— வேணாம்க்கா. இப்போ பேசாதே.

— கேளு. விவாகரத்துக்கு அப்புறம் எத்தன தடவ வந்திருப்பான்? நல்லா குடிச்சுட்டு, வேலிக்கு அந்தாண்ட வண்டிய நிறுத்திட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திட்டுப் போவான். கேட்டைத் தாண்ட மாட்டான். ஒரே ஒரு தடவ தாண்டினான், அவன் தொப்பிக்கு மேல சுட்டேன். அந்த பயம்.

— தெரியும்.

— நேத்து அவன் குடிக்கவே இல்லடா. சமையல்கட்டுக் கதவ ஒதைச்சுத் தொறந்துட்டு, மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ள மாதிரி ஆற அமர நடந்து வந்தான். துப்பாக்கி எடுக்கற மாதிரி படுக்கையறைக்கு ஓடினேன். சிரிச்சான். 'ஓடு நோரீன், ஓடு, அங்க போயி என்னத்த எடுக்கப் போறே'ன்னான்.

— குத்துமதிப்பா சொல்லியிருப்பான்.

— ஜன்னலப் பாத்துப் பேசாதே. என் மூஞ்சியப் பாரு. பெரிய ரகசியம்னு சொன்னியே, கெய்லாகிட்ட உளறினியா?

— அவளுக்குத் தெரியாது.

— பின்ன யாருக்குத் தெரியும்? எனக்கு, உனக்கு, கர்த்தருக்கு. கர்த்தர் ராய்ஸோட சகவாசம் வெச்சுக்கறதில்ல.

— அக்கா... போன வாரம் அவன் ஆபீஸ் வாசல்ல என்னை மறிச்சான். கஞ்சா மருந்துக் கடையில உன்னப் பாத்திருக்கான். 'உங்கக்காகிட்ட அட்டையும் இருக்கு, துப்பாக்கியும் இருக்கு. ஃபெடரல்காரனுக்கு ஒரு போன் போட்டா போதும், ஜெயில்ல வலிப்பு வந்து சாவா'ன்னான்.

— நீ என்ன சொன்னே?

— உன்னை ஜெயிலுக்குப் போகாம காப்பாத்தணும். அது ஒண்ணுதான்க்கா அப்போ மண்டையில ஓடுச்சு. அவன் வாய அடைச்சே ஆகணும்னு...

— என்னடா சொன்னே?

— 'யாருக்கு வேணா போன் போடு. அவ வீட்ல ஒரு தோட்டாகூட இல்ல, எல்லாத்தையும் நானே எடுத்துட்டு வந்துட்டேன்'னு சொன்னேன்.