அம்பது மீட்டர் மேற்கே

— அதெல்லாம் இல்ல தாயி. நேத்து படத்த நீட்டிவிட்டேல்ல, அதே மாதிரி இன்னைக்கு லேசாத் தள்ளிவிடு.

— நீட்டுனது வேறண்ணே. படம் மீட்டர் கணக்குல வந்துச்சு, நம்ம வரைபடம் அடிக் கணக்குல இருந்துச்சு. அதான் மூணுல ஒரு பங்காச் சுருங்கிக் கெடந்துச்சு. கணக்கத் திருத்தவும் விரிஞ்சு வந்துருச்சு.

— நான் முப்பது வருசமாச் சுங்குடிச் சேல விக்கிறவன். முதத் தண்ணியிலயே சுருங்குற சரக்க எவனோ என் தலையில கட்டிட்டான்னுல்ல நெனச்சேன்.

— இப்ப நீங்க கேக்குறது திருத்தம் இல்ல, சௌரிராஜண்ணே. திருமங்கலத்துப் பக்கம் கெடக்குற உங்க நெலத்த வானத்துல இருந்து எடுத்த படம் இது. எந்த எடத்துல உக்காரணும்னு கூடவே ஒரு குட்டி ஃபைல் வந்திருக்கு. அது சொல்ற எடத்துலதான் உக்காரும்.

— குட்டின்னா எம்புட்டு?

— ஆறு வரி.

— ஆறே வரிதான? ஒரு வரிய மாத்து. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்குனா உன் போர்டுதான் மொதல்ல தெரியுது, ஆனிமேரி கம்ப்யூட்டர் வரைபடம்னு. ஒரு வரி மாத்தத் தெரியாதாக்கும்?

— தெரியும். எதுக்குன்னு சொல்லுங்க.

— எங்கப்பா விட்டுட்டுப் போன நெலம். எனக்கும் என் தங்கச்சி சூடாமணிக்கும் கெழக்க பாதி, மேக்க பாதின்னு பாகம். பூராம் சீமக்கருவேலம். உள்ள ஒரு ஆடு போனாத் திரும்பி வராது. எங்க என்ன கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்?

— அதான் நேத்து பாத்தோமே. கெழக்குப் பாதியில, செங்கச் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம் கெடக்கு. தண்ணியோட.

— நீ காட்டுன. நான் பாத்தேன். இன்னைக்குக் காலையில மேக்க பாதிய என் பேருக்கும் கெழக்க பாதிய அவ பேருக்கும் எழுதி வாங்கிட்டேன். ரிஜிஸ்தர் முடிஞ்சிருச்சு.

— பள்ளம் இருக்குன்னு தங்கச்சிகிட்டச் சொன்னீங்களா?

— அவ கேக்கலையே.

— அண்ணே.

— கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் தாயி. பொய் சொல்ற குடும்பமா எங்க குடும்பம்? இப்ப என்னன்னா, சாயங்காலம் படத்தக் காயிதத்துல போட்டுக் கொண்டான்னு நிக்கிறா. அவ சேலைய வெளிச்சத்துல புடிச்சுப் பொத்தல் பாக்குறவ. தன் பக்கத்துல பள்ளத்தப் பாத்தான்னு வையி, வாசல்ல நின்னு வீட்டுப் பாஷையில ஏசுவா. எங்க தெருவுல பூராம் எங்க ஆளுக, ஒரு வார்த்த விடாமப் புரியும். அடுத்த மாசம் என் மக ஸ்ரீலட்சுமிக்குக் கல்யாணம். அத்தக்காரி வந்து நிக்கலைன்னா சம்பந்தி வீட்டுல என்ன கேப்பாக?

— அதுக்குப் படத்த நகத்தணுமா?

— படத்த மேக்க தள்ளு. பள்ளம் என் பக்கத்துல விழும். ஐயோ, அண்ணன் தலையில பள்ளம் விழுந்துருச்சேன்னு அவளே ரெண்டு நாளைக்கு எனக்குத் தயிர்ச்சோறு குடுத்துவிடுவா.

— கூடப் பொறந்தவ.

— அதனாலதான் சொல்றேன். அவ மனசு நோகக் கூடாதுல்ல.

— எம்புட்டுத் தள்ள?

— நூறு மீட்டர்.

— நூறு தள்ளுனாப் பள்ளம் உங்க நெலத்தையும் தாண்டி அடுத்தவன் காட்டுல போயி விழும்.

— சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். எழுவது.

— நான் பேரமே பேசலண்ணே.

— பேசாம நின்னே கொறைக்கிறயே, நீயெல்லாம் விளக்குத்தூண் ஜவுளித் தெருவுல கடை போட்டிருக்கணும். அம்பது. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது.

— அம்பது. மாத்தியாச்சு. பாருங்க.

— ஆகா. என் பக்கத்துக்கு நடுவுல வந்து உக்காந்துக்கிருச்சு. பாக்கவே எனக்கு என் மேல எரக்கம் வருது. பிரிண்ட் போடு.

— பொறுங்க. சர்வேயர் அளந்த புள்ளியெல்லாம் இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. மூலக்கல்லு, கெணறு, கரண்டுக் கம்பம். பாக்குறவுகளுக்குப் பொய்யின்னு தெரியாம இருக்கணும்ல, எம்புட்டுப் பிசகுதுன்னு பாத்துக்கிறேன்.

— சீக்கிரம் பாரு. மணி நாலாச்சு.

— அண்ணே.

— என்ன?

— பிசகவே இல்ல. சர்வேயர் கெணறு படத்துல இருக்க கெணத்து மேலயே உக்காருது. கம்பம் கம்பத்து மேல. நாலு கல்லும் வரப்பு மூலையில.

— பாத்தியா, என் கைராசி.

— ராசி இல்லண்ணே. இப்பத்தான் படம் அதோட சொந்த எடத்துக்கு வந்திருக்கு. நேத்து பாத்ததுதான் பொய்யி. பள்ளம் நெசமாவே மேக்கதான் கெடக்கு.

— வெளாடாத.

— படம் எடுத்தது தையில. இந்தக் குட்டி ஃபைல மட்டும் போன வியாழக்கெழம யாரோ தொறந்து மாத்தியிருக்காக. நேரா அம்பது மீட்டர் கெழக்க தள்ளிட்டுத்தான் உங்க கையில குடுத்திருக்காக. படம் இருந்த சிடிய யாருண்ணே குடுத்தது?

— சூடாமணி. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீயே பாத்துக்க அண்ணான்னு குடுத்தா.

— காலையில கையெழுத்துப் போடுறப்ப அவுக ஒண்ணும் சொல்லலையா?

— அழுதா தாயி. மேக்க பக்கம் அப்பா ஆசப்பட்டு வாங்குன பக்கம், உனக்காக விட்டுக் குடுக்குறேன் அண்ணான்னு தேம்பித் தேம்பி அழுதா. நான்தான் துண்டெடுத்துக் கண்ணத் தொடச்சுவிட்டேன்.