சிவப்பு வடிந்த கண்

"அலோ… அலோ, யாருங்க? … கொஞ்சம் சத்தமா பேசுங்க, இங்க தறி ஓடிகினு இருக்குது. … ஆமாங்க, ஆரணி பாலமுருகன் வூடுதான். நான் அவரு சம்சாரம், சுகன்யா. … ஓ, வேலூர் கண்ணாஸ்பத்திரியா? சொல்லுங்க சிஸ்டர்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இட்லிப் பானையின் தீயைக் குறைத்தாள் சுகன்யா. ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றால் யாருக்கும் பயம் வரும். அவளுக்கு வரவில்லை. சொல்வதற்கு அவளிடம் நல்ல சேதி இருந்தது.

"ஆமா, ஆமா, வியாழக்கெழம வரச் சொன்னீங்க. வரல, தப்புதான். … அய்யோ, பஸ்ஸு இல்லாம இல்ல சிஸ்டர். அவருக்குச் சரியாய்டுச்சி. … நெஜமாத்தான். கண்ணுல செவப்பே இல்ல. தறில உக்காந்து நெய்துகினு இருக்காரு, சத்தம் கேக்குதில்ல? …

"மருந்தா? … ம்… ஊத்தினோம். மணிக்கு ஒரு தபா, ராத்திரில கூட எழுப்பி ஊத்தினேன். … ஞாயித்துக்கெழம வரைக்கும். … இல்ல, அப்புறம் ஊத்தல. கோச்சிக்காதீங்க. ஊத்த ஊத்த செவந்துகினே இருந்துது. … தெரியும், தெரியும், டாக்டரம்மா சொன்னாங்க. தேவிகாபுரத்துல எங்கம்மா வூட்டுக் களத்துல நெல்லு அடிக்கறப்போ உமி பட்டுச்சே, அதுல வந்த பூஞ்சை. ஊறுகாயில பூக்கற மாதிரி கண்ணுல பூத்திருக்குதுன்னாங்க. இந்த மருந்து பூஞ்சையோட தோலைப் போய்ப் புடிச்சிக்கும், அது பொழைக்க முடியாம சாவும், ஆனா மெதுவாத்தான் கேக்கும்னாங்க. … எல்லாம் ஞாபகம் இருக்குது. எங்களுக்குத்தான் அத்தனை நாளு இல்ல."

அத்தனை நாள் இல்லாமல் செய்தவர், நெய்வதற்குப் பட்டு நூல் கொடுக்கும் துரைக்கண்ணு. அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே சுகன்யாவுக்குக் குரல் ஏறிவிடும்.

"பட்டு குடுக்கறாரே, அந்த அண்ணன் வந்து பாத்தாரு. கல்யாணக் கூறைப்பொடவை இது, மெட்ராஸ் ஐ வந்த கண்ணோட இதுமேல உக்காராத, தறியில இருக்கற பாவு நூலை அவுத்து வேற ஆளாண்ட குடுத்துடறேன்னுட்டாரு. இது மெட்ராஸ் ஐ இல்லன்னு சொன்னா கேக்கணுமே மனுசன். செவப்பு போவணும், ஜல்தி போவணும். … ஆமா, வேற மருந்துதான் ஊத்தினேன். … கடையில வாங்கல சிஸ்டர், நாங்க இன்னா அவ்ளோ வெவரம் கெட்டவங்களா? மாமியாருக்குக் கண்புரை ஆபரேசன் பண்ணப்போ ஆஸ்பத்திரியில குடுத்தது, பாதி அப்பிடியே இருந்துது. ரெண்டே நாளு, செவப்பு காணாமப் போச்சி. … பேரா? இருங்க… பி… ஆர்… ஈ… டி… நீளமா போவுது. …

"ஆமா… ஆமா. … செவப்பு நோயி இல்லயா? … ஒடம்பு பூஞ்சையோட சண்டை போட்டதுதான் செவப்பா? … அப்ப இந்த மருந்து? … பூஞ்சையை ஒண்ணும் பண்ணாதா? சண்டை போட்டதைத்தான் படுக்க வெச்சிடுமா?"

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. வேலூரில் இருந்துகொண்டு போனில் மிரட்டுகிறார்களே என்று தோன்றியது.

"இருக்குது சிஸ்டர், கருப்பு முழில வெள்ளையா ஒண்ணு இருக்குது. அது உங்க மருந்து படிஞ்சது. … ஞாயித்துக்கெழமயோட நிறுத்திட்டேன்னு சொன்னேனே. … இல்ல… கொறையல. பெருசாத்தான் ஆயிருக்குது. … நிறுத்தின மருந்து எப்பிடிப் படியும்னா… தெரியலயே. …

"ஆனா வலி இல்ல. சத்தியமா. நேத்து ராத்திரி பூரா பேஜாரு, தலையைப் பொளக்குதுன்னு உருண்டாரு. விடியக்காலம் கண்ணுலேர்ந்து வெந்நி மாதிரி தண்ணி, கன்னத்துல சர்ருன்னு ஓடிச்சி. அதோட வலி வுட்டுப் போச்சி. கெட்ட தண்ணி போயிடுச்சின்னு கற்பூரம் ஏத்தினேன். … அலோ? … சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா? …

"டாக்டரம்மாவா? வணக்கம்மா. … ஆமா, வெந்நி மாதிரி. … கெட்ட தண்ணி இல்லயா? … கண்ணுக்குள்ளயே இருக்கற தண்ணியா? அது எப்பிடிம்மா வெளிய… முழில ஓட்டையா…"

கோபம் போன இடம் தெரியவில்லை. பயந்துவிட்டாள் சுகன்யா. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தறிக்கு ஓடினாள்.

"ஏங்க, நிறுத்துங்க. … நிறுத்துங்கன்றேன். குனியாதீங்க. கண்ணைத் தொடாதீங்க. … பொடவை கெடக்கட்டும். … சொல்லுங்கம்மா. … ஒண்ணும் ஊத்தக் கூடாது, சரி. … அழுத்தாம மூடணும், சரி. … சாப்படக் கூடாதா? தண்ணி கூடவா? … சரிம்மா. … இப்பவேவா? நல்ல கண்ணை மூடிப் பாக்கணுமா? … கையால மூடிட்டேன். ஏங்க, எதிர்ல இன்னா கலரு தெரியுது? … அரக்குன்றாரும்மா. கரெக்டு, பொடவை அரக்குதான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பு கூட வந்துவிட்டது.

"… ஏம்மா? … தெரிஞ்சதைக் கேக்கக் கூடாதா? … ஆமா, ஒரு மாசமா இதே பொடவைதான். … சரி."

சன்னல் திட்டில் கிடந்த மஞ்சள் பையை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஏங்க, என் கையில இன்னா இருக்குது? … அவசரம் வேணாம், நல்லா பாத்துச் சொல்லுங்க. …"

தெருவில் மற்ற வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா… கையை எடுத்தாத்தான் தெரியும்ன்றாரும்மா. … இல்லம்மா, நல்ல கண்ணைத்தான் மூடியிருக்கேன். … நல்ல கண்ணைத்தாம்மா. … சரி… சரிங்க. காரு புடிச்சி இப்பவே வந்துர்றோம்."

லைன் கட்டாகிவிட்டது. கையை எடுக்கச் சொல்லி அவன் மறுபடியும் கேட்டான். எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.