பூஜை போட்ட தலைப்பு

குழந்தைக்குப் பெயர் வைப்பது சுலபம், சார். வளர்ந்த பின் பெயருக்குப் பொருத்தமாக இல்லை என்று யாரும் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. மாணவர் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் பட்டப்படிப்புப் படத்துக்கு ‘கடல் கொண்டுபோனவன்’ என்று வைத்தேன். உண்மையில் கதையில் கடல் யாரையும் கொண்டுபோகவில்லை. வேலை கிடைக்காத ஒருவன் சாகலாம் என்று குளிர்காலக் கடலில் இறங்குகிறான். குளிர் தாங்காமல் திரும்பி வந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறான். தலைப்பில் கொஞ்சம் சாவு இருந்தால் திரைப்பட விழாக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் படம் எடுக்கும் எல்லோரையும் போல நாங்களும் பூஜை போட்டுத்தான் ஆரம்பித்தோம். மேசைமேல் அவித்த பன்றித்தலை, அரிசியில் வடித்த கள், பின்னால் தலைப்பு எழுதிய பெரிய துணி. பன்றி சிரித்த முகமாக இருந்தால் படம் ஓடும் என்பார்கள். எங்கள் பன்றி நன்றாகவே சிரித்தது. நாயகனாக நடித்த ஜூனியர் மாணவன் மேங் டோ-இக் அதன் வாயில் ஒரு பண நோட்டைச் செருகி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டான்.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தபோது பேராசிரியர் நாம்குங்கிடம் போட்டுக் காட்டினேன். எப்போதோ ஒரு படம் எடுத்தவர். அதை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஆழமாகவே பேசுவார்.

“தலைப்புங்கிறது சத்தியம்ப்பா. கடல் கொண்டுபோச்சுன்னு சத்தியம் பண்ணிட்டு, பையனைக் கரைக்குக் கூட்டியாந்து நூடுல்ஸ் ஊட்டுறியே. ஒண்ணு தலைப்பை மாத்து, இல்ல முடிவை மாத்து. இப்படியே வந்தா பாஸ் கிடையாது.”

தலைப்பை மாற்றத்தான் இருந்தேன். டோ-இக்தான் தடுத்தான்.

“பூஜை போட்ட தலைப்பை மாத்தாதீங்கண்ணே. யாருக்காவது ஏதாவது ஆயிடும்.”

“பன்னி கோவிச்சுக்குமாடா?” என்றாள் ஒளிப்பதிவு செய்த ஹே-வொன்.

“நீங்க சிரிங்கக்கா. விழுந்து கும்பிட்டது நானு.”

ஆகவே முடிவை மாற்றினேன். அவன் கடலுக்குள் நடந்துபோவான், திரும்ப மாட்டான். அதோடு படம் முடியும்.

அன்று காலை அலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவன் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். கயிறு மானிட்டரில் தெரிகிறது என்றேன். அவனே அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, காதோரம் சொன்னான்: “ரெண்டு கையையும் தூக்கினா முடியலன்னு அர்த்தம்ணே. உடனே கட் சொல்லிடுங்க. நூடுல்ஸுக்குத் தண்ணி வெக்கச் சொல்லுங்க.”

இயக்குநர் ‘கட்’ சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. இந்த ஒழுங்கைத் தொழில்காரர்களைவிட மாணவர்கள் அதிகமாகவே காப்பாற்றுவார்கள்; காப்பாற்ற அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

நெஞ்சளவு தண்ணீரைத் தாண்டியதும் அவன் இரண்டு கைகளும் உயர்ந்தன.

“என்னமா நடிக்கிறான் பாரு,” என்றாள் ஹே-வொன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னும் ஓடட்டுமாடா?”

“ஓடட்டும்,” என்றேன்.

ஹெட்ஃபோன் என் காதில் மட்டும்தான் இருந்தது. அவன் சட்டைக்குள் நீர் புகாத உறையில் வைத்த மைக் கொஞ்ச நேரம் வேலை செய்தது. “அண்ணே... கட்டுண்ணே.” பிறகு தண்ணீர். இப்போதும் அறை அமைதியானால் அது கேட்கிறது. கூடவே அந்தப் பன்றியும் சிரிக்கிறது. நீங்கள் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

கைச்சைகையை மற்றவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதல் விசாரணையில் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அது சரியில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை. உண்மையில் கயிறும் மானிட்டரில் தெரியவில்லை, சார்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். பேராசிரியர் படத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முடிவில் சத்தியம் இருக்கிறது என்றார். கல்லூரியில் அஞ்சலியாகத் திரையிட ஏற்பாடாயிற்று. டோ-இக்கின் அம்மா முன்வரிசையில் உட்காருவார் என்று சொன்னார்கள்.

அந்தத் தலைப்பை அவர் கண்ணில் காட்ட எனக்கு மனசு வரவில்லை. ‘குளிர்கால நீச்சல்’ என்று மாற்றிவிட்டேன். சாதாரணமான தலைப்புதான், யாரும் குறை சொல்லவில்லை. கடைசிக் காட்சியை மட்டும் வெட்டவில்லை, அது நன்றாக வந்திருந்தது.

பெற்றவளின் மனசு புண்படக் கூடாதில்லையா. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை, சார்.