மேல்வரிசையில் நான்கு இருக்கைகள்

என் பெயர் காமினி, தந்தை பெயர் சிவநேசன், வயது பதினாறு. ஜோர்ஜ்டவுன் டத்தோ கிராமாட்டில் வசிக்கிறேன். நான்காம் படிவ மாணவி. என் தாயார் பத்மாவதி உடனிருக்கக் காவல்துறையிடம் இதைச் சொல்கிறேன்.

தாட்சாயினி என் வகுப்பில் படிப்பவள். நடக்க முடியாததால் மின்சாரச் சக்கர நாற்காலியில் வருவாள். ஓய்வு நேரத்தில் அவளோடு அமர்ந்து சாப்பிடும்படி ஆசிரியை என்னையும் தனுஜாவையும் நியமித்திருந்தார். ஓராண்டாக அப்படியே செய்தோம். பள்ளிக்கு வெளியே அவளை அழைத்ததில்லை.

கடந்த சனிக்கிழமை தனுஜாவின் பிறந்தநாள். தாட்சாயினியின் தாயார் கேட்டுக்கொண்டதால் அவளையும் சேர்த்து ஐந்து பேர் பேரங்காடிக்குப் படம் பார்க்கச் சென்றோம். சக்கர நாற்காலிக்கான இடம் திரைக்கு மிக அருகில், முதல் வரிசையில் இருந்தது. தனுஜா, "இவளுக்காக எல்லாரும் கழுத்து வலிக்கப் பாக்கணுமா லா?" என்றாள். தாட்சாயினிக்குக் கேட்டதா என்று தெரியாது. அதன் பிறகு நான்தான் அவளை உணவு மேசை ஒன்றின் அருகே விட்டு, "இங்கயே இரு, டிக்கெட் பாத்துட்டு வர்றோம்" என்றேன். அவள் தலையாட்டினாள். அதன் பிறகு மேல்வரிசையில் நான்கு இருக்கைகள் வாங்கிப் படம் பார்த்தோம். என்ன படம் என்று கேட்டால் பெயர் நினைவிருக்கிறது, கதை நினைவில்லை.

நாலரை மணிக்குத் திரும்பியபோது அவளைக் காணவில்லை. அழைத்தும் அவள் கைப்பேசியை எடுக்கவில்லை. கழிப்பறை, மின்தூக்கி எல்லாம் தேடிய பிறகு அவள் தாயாருக்குச் சொன்னோம். அவர்தான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

ஆறே முக்காலுக்கு அவள் படகுத்துறையில் இருப்பதாகத் தகவல் வந்ததும் அனைவரும் அங்கே சென்றோம். படகில் அறிமுகமான ஷாஹிரா என்ற பெண்ணோடு அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தாட்சாயினியின் தாயார் அழுதார். எனக்கு நிம்மதி வராமல் கோபம் வந்தது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

"எங்கடி போன?" என்றேன்.

"பஸ் ஏறி வந்தேன். படகுல அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்தேன். நீங்க படம் பாக்கலாம், நான் கடல் பாக்கக்கூடாதா?" என்றாள்.

வேண்டுமென்றே விட்டுச் சென்றீர்களா என்று அதிகாரி கேட்டார். விட்டுச் சென்றது உண்மை. அவளை எனக்குப் பிடிக்காது என்பது உண்மையல்ல. பிடிக்குமா என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை, தனக்கு இனி யாரையும் நியமிக்க வேண்டாம் என்று ஆசிரியையிடம் அவள் சொல்லிவிட்டாள். சிற்றுண்டிச்சாலையில் தனியாக அமர்ந்திருந்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய், உட்காரலாமா என்று கேட்டேன்.

"டீச்சர் சொன்னாங்களா?"

இல்லை என்றேன். அவள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே மணி அடித்துவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை இவை அனைத்தும் உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன், மாற்றச் சொல்ல எதுவுமில்லை.

ஒப்பம்: காமினி